87-ல் ஒரு பங்கு உலகம்!

ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம்? 1,440 என்று யோசிக்காமல் சொல்லிவிடுவீர்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் ஒரு கட்டடம் இருக்கிறது. அதற்குள் ஒரு நாளைக்கு 15 நிமிஷம்தான்! பொழுது விடிகிறது, மதியம் ஆகிறது, சாயங்கால வானம் ஆரஞ்சு கலருக்கு மாறுகிறது, பொசுக்கென்று ராத்திரி! வீடு வீடாக லைட் எரிகிறது. தெருவிளக்குகள் கண் சிமிட்டுகின்றன. அட, அழகா இருக்கே என்று ரசிப்பதற்குள் மறுபடியும் விடிந்துவிடுகிறது. இரண்டு மணி நேரம் நின்றால் எட்டு நாள் வாழ்ந்துவிட்டு வரலாம்.

மினியாட்டூர் வுண்டர்லாண்ட். உலகத்தின் மிகப் பெரிய மாடல் ரயில் லேஅவுட் என்று கின்னஸில் இடம்பிடித்த இடம். ட்ரிபிள் ஈ மூன்றாம் வருஷம் முடித்த கையோடு, இரண்டு மாத இன்டர்ன்ஷிப்புக்காக ஹாம்பர்க்கில் இறங்கியவள் நான். லேபில் சனி, ஞாயிறு லீவு. கூட இருந்தவர்கள் எல்லாம் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் என்று பஸ் பிடித்தார்கள். நான் ரயில் பார்க்கப் போனேன். ரயில்வே காலனியில் வளர்ந்த பொண்ணு, வேற எங்க போவா?

செங்கல் தெருவும் கால்வாயும்

மெட்ரோவில் பாம்வால் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே துறைமுகம். ஒரு பாலத்தைத் தாண்டினால் ஸ்பைஷர்ஷ்டாட். இரண்டு பக்கமும் சிவப்புச் செங்கல் கட்டடங்கள் ஓங்கி நிற்க, நடுவில் கால்வாய். 1883-ல் ஆரம்பித்து 1927 வரை கட்டிய கிடங்குப் பேட்டை இது. அஸ்திவாரத்துக்குத் தண்ணீருக்குள் மரத்தூண்களை இறக்கி, அதன் மேல் கட்டியிருக்கிறார்கள். கப்பலில் வந்த காபி, தேயிலை, மசாலா, கம்பளம் எல்லாம் ஒரு காலத்தில் இங்கேதான் அடுக்கப்பட்டன. 2015-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அந்தக் கிடங்கு ஒன்றில்தான் வுண்டர்லாண்ட். மாடிப்படி ஏறி உள்ளே நுழைந்ததும் முதலில் காதில் விழுவது ரயில் சத்தம் இல்லை. தாத்தாக்களின் "ஆ... ஓ..."தான். வாண்டுகளைக் கூட்டிவந்த தாத்தாக்கள், வாண்டுகளை மறந்துவிட்டு கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்து நிற்கிறார்கள்!

ட்வின்ஸ் போட்ட திட்டம்

இதை ஆரம்பித்தவர்கள் ஃப்ரெடெரிக் ப்ரவுன், கெரிட் ப்ரவுன் என்ற இரட்டையர்கள். அதற்கு முன்னால் அவர்கள் பார்த்த தொழில் என்ன தெரியுமா? டிஸ்கோ கிளப்! 2000-ம் வருஷக் கோடையில் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரத்துக்குப் போன ஃப்ரெடெரிக், அங்கே ஒரு மாடல் ரயில் கடைக்குள் நுழைந்தார். சின்ன வயசு ஆசை மறுபடி தலைதூக்க, உடனே அண்ணன் தம்பிக்குள் போன். 'உலகத்திலேயே பெரிய மாடல் ரயிலை நாம கட்டுறோம்!'

கெரிட் முதலில் சிரித்திருப்பார்தானே? ஆனால் இருவரும் சும்மா கனவு கண்டு நிற்கவில்லை, ஒரு சர்வே எடுத்தார்கள். ஹாம்பர்க்கில் நீங்கள் பார்க்க விரும்பும் இடங்கள் எவை என்று கேட்டு, நிஜ இடங்களுக்கு நடுவே இன்னும் கட்டாத இந்த ரயிலையும் சொருகிவிட்டார்கள். ஆண்கள் லிஸ்ட்டில் அது மூன்றாம் இடம்! பெண்கள் லிஸ்ட்டில்? கடைசி வரிசை. (ஸாரி சிஸ்டர்ஸ், என் ஓட்டை அப்போ யாரும் கேட்கலை!) அதனால்தான் ரயிலோடு நிறுத்தாமல் ஊர், கல்யாணம், திருவிழா, காதல் ஜோடி, திருடன் போலீஸ் என்று கதைகளையும் சேர்த்துக் கட்டினார்கள். பேங்க் கடன் வாங்கி, 2000 டிசம்பரில் வேலையைத் தொடங்கி, 2001 ஆகஸ்ட் 16 அன்று திறந்துவிட்டார்கள். எட்டே மாசம்!

அப்புறம் நிற்கவே இல்லை. ஹாம்பர்க், அமெரிக்கா, ஸ்காண்டினேவியா, சுவிட்சர்லாந்து, இத்தாலி, வெனிஸ் என்று நாடு நாடாக வளர்ந்தது. இடம் போதாமல் கால்வாய்க்கு எதிரே இருந்த கிடங்கையும் பிடித்தார்கள். இரண்டுக்கும் நடுவே கண்ணாடிப் பாலம். அதற்குள் குட்டி ரயில் கால்வாயைத் தாண்டுகிறது! அந்தப் பக்கம் போனால் 2021-ல் திறந்த ரியோ டி ஜெனிரோ. 2024-ல் வந்த மொனாக்கோவில் குட்டி கார்கள் நிஜ ஃபார்முலா ஒன் மாதிரியே ஒன்றையொன்று ஓவர்டேக் செய்து பறக்கின்றன.

கொஞ்சம் கணக்கு, ப்ளீஸ்!

இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்டைப் பிடித்து எழுதச் சொன்னால் கணக்கு இல்லாமல் இருக்குமா? இங்கே எல்லாமே 1:87. எச்.ஓ. ஸ்கேல் என்பார்கள். அதாவது நிஜத்தில் 87 சென்டிமீட்டர் இருந்தால் இங்கே ஒரு சென்டிமீட்டர். ஐந்தே முக்கால் அடி ஆள், இங்கே இரண்டு சென்டிமீட்டர். அப்படி இரண்டரை லட்சத்துக்கும் மேலான குட்டி மனுஷர்கள் உள்ளே வசிக்கிறார்கள்!

ஐரோப்பாவின் ரயில் பாதை அகலம் 1,435 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 16.5. கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளம் அதேதான். நம்ம ஊர் பிராட்கேஜ் 1,676 மில்லிமீட்டர், வகுத்தால் 19.3 வரும். அதனால் நம் ரயிலை மாடலாகச் செய்பவர்கள் பெரும்பாலும் வேறு வழியில்லாமல் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்திலேயே ஓட்டுகிறார்கள். உற்றுப் பார்த்தால் நம்ம இன்ஜின் கொஞ்சம் காலை ஒடுக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி தெரியும்!

வுண்டர்லாண்டின் தண்டவாளத்தை எல்லாம் சேர்த்துப் போட்டால் சுமார் 16 கிலோமீட்டர். 87-ஆல் பெருக்குங்கள். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய், கிட்டத்தட்ட திரும்பியும் வந்துவிடலாம்!

ஆனால் எல்லாம் இப்படி ஒழுங்காகச் சுருங்காது. அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். நம்ம வாப்-7 மின்சார இன்ஜினின் எடை 123 டன். நீளம், அகலம், உயரம் மூன்றும் 87 மடங்கு சுருங்கும்போது எடை 87-ஐ மூன்று முறை பெருக்கிய அளவுக்குக் குறையணும். கணக்குப் போட்டால் 187 கிராம்தான் வரும். அவ்வளவு லேசாக இருந்தால் இன்ஜின் பெட்டிகளை இழுக்காது, சக்கரம் வழுக்கும். ஸோ, உள்ளே உலோகம் வைத்து எடையைக் கூட்டுகிறார்கள். அதேபோல நிஜ ரயிலுக்கு வேகம் பிடிக்கவும் நிற்கவும் நேரமாகும். பொம்மை மோட்டாரோ சுவிட்ச் போட்டதும் துள்ளும். அதை மெதுவாக 'உருள' வைப்பது இன்ஜினுக்குள் இருக்கும் டீகோடர் என்ற குட்டி சர்க்யூட். 100 கிலோமீட்டர் வேகம் என்பது இங்கே விநாடிக்கு 32 சென்டிமீட்டர். அதைத் தாண்டினால் பார்க்கிற கண்ணுக்கே 'இது பொம்மை' என்று தெரிந்துவிடும்.

மலை செய்வது எப்படி?

ஒரு லேஅவுட்டின் உயிர் அதன் அடியில் இருக்கிறது. முதலில் மரச்சட்டம். அதன் மேல் ப்ளைவுட் விலா எலும்புகள். அதன் மேல் கம்பி வலை, அதற்கு மேல் பிளாஸ்டர். காய்வதற்குள் பாறை வெட்டு, அப்புறம் பெயின்ட். இப்படி எழும்பிய சுவிட்சர்லாந்தின் மேட்டர்ஹார்ன் மலை கிட்டத்தட்ட ஆறு மீட்டர் உயரம். கட்டடத்தின் தளத்தை ஓட்டை போட்டு மேல் மாடிக்கு நீட்டியிருக்கிறார்கள்!

தண்டவாளத்துக்குக் கீழே ஜல்லி வேணுமே? பொடிக்கல்லைத் தூவி, பெயின்ட் பிரஷ்ஷால் நிரவி, தண்ணீர் கலந்த பசையைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். புல்லுக்கு நம்ம சப்ஜெக்ட்! ஸ்டாட்டிக் எலெக்ட்ரிசிட்டி. நைலான் இழைகளுக்கு மின்னூட்டம் ஏற்றித் தூவினால், பசையில் விழும்போது ஒவ்வொரு இழையும் நெட்டுக்குத்தலாக நின்றுவிடும். இன்ஜினைப் புத்தம் புதிதாக விடக் கூடாது என்பது இன்னொரு விதி. கூரையில் புகைக் கரி, சக்கரத்தில் பிரேக் தூசி, பெட்டியில் துரு என்று அழுக்காக்குவதற்கே தனித் திறமை வேண்டும்.

வளைவு மட்டும் பொய். நிஜத்தில் 300 மீட்டர் ஆர வளைவு என்றால் இங்கே கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் வேண்டும். அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? கூர்மையாக வளைத்துவிட்டு, அந்த இடத்தைச் சுரங்கத்துக்குள் ஒளித்துவிடுவார்கள். மலைக்குள் சுழல் பாதை, மேஜைக்கு அடியில் யார் கண்ணிலும் படாத மறைவு ஸ்டேஷன். அங்கே டஜன் கணக்கில் ரயில்கள் வரிசையில் காத்திருக்கும். ஒன்று உள்ளே போனால் இன்னொன்று வெளியே வரும். பார்ப்பவர்களோ, 'அடேங்கப்பா, ஒரே ரயில் திரும்ப வரவே மாட்டேங்குதே' என்று வாய் பிளப்பார்கள்.

கார்களும் ஓடுகின்றன. ரோட்டுக்கு அடியில் மெல்லிய இரும்புக் கம்பி, காரின் முன் சக்கரத்தோடு ஒரு காந்தம். கம்பி போகிற வழியில் கார் திரும்பும். சிக்னலில் நிற்கும், இண்டிகேட்டர் போடும், பேட்டரி குறைந்தால் தானே சார்ஜ் ஏற்றப் போய்விடும். க்னுஃபிங்கன் என்ற கற்பனை ஊரில் அடிக்கடி எங்கேயாவது தீப்பிடிக்க, ஃபயர் என்ஜின்கள் கூட்டமாகக் கிளம்பும். 2011-ல் திறந்த க்னுஃபிங்கன் ஏர்போர்ட்டில் விமானங்கள் ஓடி, எழும்பி, சுவருக்குள் மறைகின்றன. இதை மட்டும் கட்டி முடிக்க ஆறு வருஷம்! ஸ்காண்டினேவியாவில் 30,000 லிட்டர் நிஜத் தண்ணீரில் கப்பல். சுவிட்சர்லாந்தில் ஒரு பட்டனை அழுத்தினால் குட்டி சாக்லேட் ஃபேக்டரி இயங்கி, ஒரு நிஜ சாக்லேட் வந்து விழும். (நாலு தடவை க்யூவில் நின்றேன், யாரிடமும் சொல்லாதீங்க!)

முட்டாமல் ஓடும் ரகசியம்

ஆயிரத்துக்கும் மேல் ரயில்கள். எப்படி முட்டிக்கொள்ளாமல் ஓடுகின்றன? நம்ம ஊர் ரயில்வேயின் அதே பழைய சூத்திரம்தான். தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துவிடு. ஒரு துண்டில் ஒரே ஒரு ரயில். அது வெளியேறாமல் அடுத்தது நுழையக் கூடாது. அந்தத் துண்டுக்குப் பெயர் ப்ளாக். சென்சார்கள் எந்த ப்ளாக்கில் ரயில் நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் தண்டவாளம் வழியாகவே அந்த இன்ஜினின் முகவரிக்கு 'நில்' 'போ' என்று கட்டளை அனுப்பும். ஒரே கம்பியில் நூறு பேருக்கு நூறு தபால்!

இதற்கெல்லாம் மூளை, ஹாலின் நடுவில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கும் கன்ட்ரோல் ரூம். சுவர் முழுக்க ஸ்க்ரீன்கள், கேமரா காட்சிகள். அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். எங்கேயோ ஒரு சரக்கு ரயில் திணறி நின்றுவிட்டது. தூசி பாஸ், தூசி! தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் வந்து போகிற இடம். சட்டையிலிருந்து உதிரும் நூலும் தூசும் தண்டவாளத்தில் படிந்தால் சக்கரத்துக்கு கரண்ட் கிடைக்காது. அதனால் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டே ஓடும் க்ளீனிங் வண்டிகளும் உண்டு. இப்போது ஒரு ஊழியர் வந்தார். இத்தாலிக்கு மேலே எட்டி, தடம் புரண்ட பெட்டியை இரண்டு விரலால் எடுத்து, சக்கரத்தை ஊதி, மறுபடி வைத்தார். பின்னால் காத்திருந்த நான்கு ரயில்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. பக்கத்தில் நின்ற ஒரு பொடியன் கைதட்டினான்.

"அங்க பாயிண்ட் யாரு போடறது?"

அன்று ராத்திரி அப்பாவுக்கு வாட்ஸ்அப் கால் போட்டேன். அப்பா விழுப்புரம் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன். ஒரு ரயில் மெயின் லைனில் போகணுமா, லூப் லைனில் ஒதுங்கணுமா என்று தண்டவாளத்தைத் திருப்பும் இடத்துக்குப் பெயர்தான் பாயிண்ட். இப்போது அதை மோட்டார் திருப்புகிறது. மோட்டார் மக்கர் பண்ணினால், மழையோ நடு ராத்திரியோ, கிராங்க் ஹேண்டிலைத் தூக்கிக்கொண்டு பாயிண்ட்ஸ்மேன் ஓடணும். கையால் சுற்றித் திருப்பி, க்ளாம்ப் போட்டு, பூட்டுப் போட்டு, ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சொல்லணும்.

வீடியோவில் எல்லாம் காட்டினேன்.

"என்னம்மா, அத்தனையும் பொம்மை ரயிலா? அங்க பாயிண்ட் யாரு போடறது?"

"கம்ப்யூட்டர்தான்பா."

"அது தப்பாப் போட்டுச்சுன்னா?"

"ஒருத்தர் வந்து கையால எடுத்து வெச்சிடுவாருப்பா."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னார்: "குடுத்து வெச்ச ரயிலும்மா."

அவர் எதை நினைத்தார் என்று எனக்குத் தெரியும். 2023 ஜூன் 2, ஒடிஷாவின் பாலசோர் பக்கம். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் பச்சை சிக்னல் கிடைத்தது. ஆனால் பாயிண்ட் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. லூப்பில் சரக்கு ரயில். 290-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சிக்னல் சர்க்யூட்டில் நடந்த வேலையில் இருந்த கோளாறுதான் காரணம் என்று பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சொன்னது. பாயிண்ட் சரியான பக்கம் திரும்பிப் பூட்டப்படாத வரை பச்சை விழவே கூடாது என்பதுதான் இன்டர்லாக்கிங் என்ற ஏற்பாட்டின் அடிப்படை. சர்க்யூட்டை மாற்றி இணைத்தால், ஏற்பாடு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். செமஸ்டரில் 'ரிலே' என்று இரண்டு மார்க் கேள்விக்கு நாங்கள் மனப்பாடம் செய்த அதே சமாசாரம்!

அடுத்த சனிக்கிழமை நான் மறுபடியும் வுண்டர்லாண்ட் போனேன். இந்த முறை மலையையும் ஏர்போர்ட்டையும் பார்க்கவில்லை. நான்கு மணி நேரம் பாயிண்ட்களை மட்டும் பார்த்தேன். ஒரு ரயில் வருவதற்கு முன் எந்த பாயிண்ட் திரும்புகிறது, எந்த சிக்னல் எப்போது மாறுகிறது, ரயில் தாண்டிய பிறகு எவ்வளவு நேரத்தில் வழி விடுபடுகிறது என்று நோட்டில் குறித்தேன். மாடல் ரயிலை 'நிஜமாக' ஓட்டுவது என்றால் இதுதான். மரமும் மலையும் தத்ரூபமாக இருப்பது பாதிதான். மீதிப் பாதி, நிஜ ரயில் எந்தக் கட்டுப்பாட்டுக்குப் பயந்து ஓடுமோ, அதே கட்டுப்பாட்டுக்கு பொம்மையும் பயந்து ஓடுவது!

அமெரிக்காவில் இதையே ஒரு கலையாக வளர்த்திருக்கிறார்கள். வீட்டு அடித்தளத்தில் லேஅவுட், ஒருவர் கன்ட்ரோலர், நான்கு பேர் டிரைவர்கள். வேகமாக ஓடும் ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு டைம்டேபிள்படி ஓட்டுவார்கள். ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு அட்டை. எங்கே சரக்கு ஏற்றணும், எங்கே இறக்கணும் என்று அதில் இருக்கும். கலிஃபோர்னியாவின் ஜான் ஆலன் இந்தப் பாணியில் புகழ்பெற்றவர். 1973-ல் அவர் இறந்த சில நாட்களிலேயே, அவர் வாழ்நாள் எல்லாம் கட்டிய லேஅவுட் தீயில் போய்விட்டது.

'ஹேக்' பிறந்த இடம்!

ஹேக்கர் என்றதும் முகமூடி போட்டு லேப்டாப் தட்டுகிற ஆள்தானே ஞாபகம் வருகிறார்? அந்த வார்த்தை இந்த அர்த்தத்துக்கு வந்து சேர்ந்ததில் ஒரு மாடல் ரயில் கிளப்புக்குப் பெரிய பங்கு உண்டு! அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் 1946-ல் தொடங்கிய டெக் மாடல் ரயில்ரோட் கிளப். அங்கே ஒரு கோஷ்டி மரம், மலை செய்யும். இன்னொரு கோஷ்டி மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ரிலேக்களை வைத்து ரயில்களை ஓட்டும். புத்திசாலித்தனமாக ஒரு வேலையை முடித்தால் அவர்கள் பாஷையில் அது 'ஹேக்'. 1959-ல் பீட்டர் சாம்சன் என்ற மாணவர் தொகுத்த கிளப் அகராதியிலேயே அந்த வார்த்தை இருக்கிறது. அந்த மேஜைக்கு அடியிலிருந்து எழுந்தவர்கள்தான் பிறகு கம்ப்யூட்டர் ரூமுக்குள் புகுந்தார்கள்.

'என்னால் கட்ட முடியாது'

வுண்டர்லாண்டில் ரயிலை விட எனக்குப் பிடித்துப்போன விஷயம் ஒன்று உண்டு. ஜனவரியில் குறிப்பிட்ட நாட்களில், டிக்கெட் வாங்க வசதி இல்லாதவர்கள் கவுன்ட்டரில் போய் 'என்னால் கட்ட முடியாது' என்று சொன்னால் போதும். இலவசமாக உள்ளே விடுவார்கள். சர்டிஃபிகேட், வருமானச் சான்று, கையெழுத்து... எதுவும் கேட்பது இல்லை. ஸ்காலர்ஷிப்புக்கு அந்த ஆபீஸுக்கும் இந்த ஆபீஸுக்கும் நடந்த நம்மில் பலருக்கு இதன் அருமை தெரியும்.

2020-ல் கொரோனாவால் கதவை மூடவேண்டி வந்தபோதும் இவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆயிரக்கணக்கான கண்ணாடிக் கோப்பைகளில் தண்ணீரை ஏற்ற இறக்கமாக ஊற்றி, தண்டவாள ஓரமாக நிறுத்தி, குட்டி ரயில் போகிற போக்கில் தட்டித் தட்டி 2,840 ஸ்வரங்களை வாசித்து 2021-ல் ஒரு கின்னஸ் சாதனை!

போகிறவர்களுக்கு டிப்ஸ்: டிக்கெட்டை நேரம் குறித்து முன்கூட்டியே புக் செய்துவிடுங்கள். கூட்டம் அலைமோதும். மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். தரைக்கு நெருக்கமாகக் குனிந்து பாருங்கள், கதைகள் அங்கேதான் இருக்கின்றன. ஹாம்பர்க் தூரமா? புனேயில் கோத்ரூட் பகுதியில் 1998-ல் திறந்த ஜோஷி மினியேச்சர் ரயில் மியூசியம் இருக்கிறது. ஒரு தனி மனிதரின் ரயில் பைத்தியத்தில் பிறந்த இடம். இண்டஸ்ட்ரியல் விசிட் லிஸ்ட்டில் தாராளமாகச் சேர்க்கலாம்.

சரி, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு வருவோம். 'ரெடிமேட் ப்ராஜெக்ட் செய்து தரப்படும்' என்ற போஸ்டர் எங்கள் காலேஜ் பஸ் ஸ்டாப்பிலும் ஒட்டியிருக்கிறது. எங்கள் டீம் அந்தப் பக்கம் போகப் போவதில்லை. நாலுக்கு இரண்டு அடி ப்ளைவுட். ஒரு மெயின் லைன், ஒரு லூப் லைன், இரண்டு பாயிண்ட், நான்கு சிக்னல், ஒரு மைக்ரோகன்ட்ரோலர். பாயிண்ட் பூட்டியதை இரண்டு தனித்தனி சென்சார்கள் ஒரே மாதிரி சொன்னால்தான் பச்சை விழும். ஒரு வயரை யாராவது பிடுங்கி மாற்றிச் சொருகினாலும் உடனே எல்லாம் சிவப்பு! மலை, மரம் கிடையாது. மார்க் எவ்வளவு விழும் என்பது காலேஜ் கையில்.

எக்ஸ்டர்னல் எக்ஸாமினருக்கு முன்னால் அதைச் சோதித்துப் பார்க்க ஒருவரை ஏற்கெனவே புக் செய்துவிட்டோம். முப்பது வருஷ சர்வீஸ். ஸ்க்ரூடிரைவரோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

"எந்த வயரைப் புடுங்குவேன்னு முன்னாடியே சொல்ல மாட்டேன், பார்த்துக்கோ!"